மறு: கூஸ்நெக் ட்ரெய்லருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> விக்கியில் ட்ரெய்லர் வகைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்கழுத்து வளைந்து, இழுக்கும் வண்டியின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும் கூஸ்நெக்குக்கு "வாத்துக்கழுத்து இழுவை" என்று போட்டிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

எனக்கு உண்டு தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் "இழுவை". கடலோரத்தில் இழுவை மடி, இழுவைப் படகு என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தவிர, இழுவை என்றால் இழுக்கிற வண்டியா, இழுபடுகிற வண்டியா? படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் பூட்டுவதை எந்தக் கிராமத்தில் கேட்டாலும் ட்ரெய்லர் என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வகையைப் பிரித்துக்காட்டும் முன்சொல்லைத் தமிழில் செய்தால் போதும்.

இப்போது வாத்து. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து வளைந்து மேலே போய் இறங்குவது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இந்த ட்ரெய்லரை வாங்குகிறவன் கழுத்தின் அழகைப் பார்த்து வாங்குவதில்லை. பாரம் பிக்கப்பின் (பின்னால் திறந்த தொட்டி உள்ள சிறு லாரி) எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்து வாங்குகிறான். கட்டுரை படிப்பவருக்கும் அதுதான் முதலில் விளங்க வேண்டும்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே பழைய ராணுவ லாரி வாங்கி வைத்துக்கொள்ளும் பைத்தியக்காரர்கள் நிறையப் பேர், அதில் என் நண்பர்கள் சிலரும் உண்டு. எம்35ஏ2 என்று ஒரு வகை, ஆறு சக்கரமும் உந்தும் இரண்டரை டன் லாரி. இரண்டரை டன் என்பது அது கரடுமுரடான நிலத்தில் ஏற்றும் சுமை. காலியாகவே ஏறத்தாழ 13,000 பவுண்டு, அதாவது 5,900 கிலோ இருக்கும். ஏலத்தில் எடுத்த லாரி வெகுதூரத்தில் கிடக்கும், பிரேக் பிடிக்குமா என்று தெரியாது, ஓட்டிக்கொண்டு வர முடியாது. அப்போதுதான் "எந்த ட்ரெய்லர்?" என்ற கேள்வி வருகிறது.

இரண்டு 7,000 பவுண்டு அச்சு போட்ட 14,000 பவுண்டு ட்ரெய்லர்தான் பரவலாகக் கிடைக்கும். பெயரில் 14,000 என்று இருப்பதால், 13,000 பவுண்டு லாரியை ஏற்றிவிடலாம் என்று முதல்முறை வாங்குகிறவர்கள் நினைத்துவிடுவார்கள். அந்த 14,000 என்பது ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்த வரம்பு. ட்ரெய்லரே 5,000 பவுண்டு இருந்தால் மிச்சம் 9,000 தான். ஆக, பக்கத்துக்கு இரட்டை டயர் வைத்த 10,000 பவுண்டு அச்சு குறைந்தது இரண்டு வேண்டும். அந்த ரகம் காலியாகவே ஏறக்குறைய 8,000 பவுண்டு வரும். லாரியும் சேர்ந்தால் 21,000.

இந்த 21,000 பவுண்டைப் பிக்கப்பில் எங்கே பூட்டுவது? பம்பருக்குக் கீழே இருக்கும் கொக்கியில் பூட்டினால் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியில் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அது வாலாட்டினால் ஓட்டுபவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை. சரி, 15 சதவீதம் கொடுத்தால்? 3,000 பவுண்டுக்கு மேல் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கும். பின்புறம் அமுங்கும், முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பல கொக்கிகள் அந்த எடைக்குச் செய்யப்பட்டவையே அல்ல.

கூஸ்நெக்கில், கழுத்து வந்து பூட்டிக்கொள்ளும் இரும்புப் பந்து பிக்கப் தொட்டியின் நடுத்தரையில் இருக்கும், பின்னச்சுக்கு நேர் மேலே அல்லது ஓரிரு அங்குலம் முன்னால். அங்கே 20 சதவீதம், ஏன் 25 கூட வைக்கலாம். நம் கணக்கில் 4,200 பவுண்டு, கிட்டத்தட்ட 1,900 கிலோ. அது அச்சின் மேல் நேராக இறங்குவதால் முன்சக்கரம் தூக்காது.

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் இதை முன்பாரம், பின்பாரம் என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார்கள். வைக்கோலைப் பின்னால் தள்ளி ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டுக் கிளம்பும், முன்னால் தள்ளி ஏற்றினால் கழுத்து புண்ணாகும். அதனால் ட்ரெய்லர் பிக்கப்பின் மேல் இறக்கும் அந்த எடைக்கு "நாக்கு எடை", "முள் எடை" என்றெல்லாம் மொழிபெயர்க்காமல் முன்பாரம் என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கழுத்து வகைக்கும் பம்பர் வகைக்கும் அந்த ஒரு சொல்லே போதும்.

இனி பெயருக்கு என் பரிந்துரை: ஏறுகழுத்து ட்ரெய்லர். ஏறுநெற்றி, ஏறுமுகம் மாதிரி வினைத்தொகை. கழுத்து பிக்கப்பின் மேல் ஏறி உட்காருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஏறு என்றால் காளை என்றும் பொருள் உண்டே என்று யாராவது கிளம்பினால் எனக்குச் சந்தோஷம்தான். நுகத்தடி உட்காரும் இடமும் காளையின் கழுத்துதானே.

பம்பர் வகைக்குப் பின்கொக்கி ட்ரெய்லர். பந்துக்கும் அதன்மேல் கவியும் மூடிக்கும் புதிதாக எதுவும் வேண்டாம். பள்ளி உயிரியல் பாடத்தில் இருக்கும் பந்துக் கிண்ண மூட்டிலிருந்து பந்து, கிண்ணம் என்று எடுத்துக்கொள்ளலாம். பந்தின் விட்டம் பொதுவாக 2 5/16 அங்குலம்.

கட்டுரையில் இதையும் சேருங்கள்: ட்ரெய்லர் தாங்கினால் மட்டும் போதாது, பிக்கப்பும் தாங்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். 4,200 பவுண்டு முன்பாரம், உள்ளே இரண்டு ஆள், கருவிப்பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முக்கால் டன் ரகப் பிக்கப் பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுப்போகும். பின்னால் இரட்டை டயர் உள்ள ஒரு டன் ரக வண்டிதான் சரிப்படும் (பெயர்தான் ஒரு டன், தாங்குவது அதைவிட அதிகம்).

-----

> ஏறுகழுத்து ட்ரெய்லர்

ஐயா, பந்துதான் அடையாளம் என்றால் "பந்துக்கழுத்து" என்று வைத்தால் என்ன? இன்னும் தெளிவாக இருக்குமே.

-----

கூடாது. நான் தமிழ்நாட்டில் கனரகப் போக்குவரத்தில் இருப்பவன். காற்றாலை இறக்கை, டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றும் பல அச்சு ட்ரெய்லரில் எங்களுக்கும் கூஸ்நெக் உண்டு. ஆனால் பந்து கிடையாது. புல்லரின் (இழுக்கும் லாரி) முதுகில் ஃபிஃப்த் வீல் என்ற வட்டத் தட்டு இருக்கும். கழுத்தின் அடியில் உள்ள கிங் பின் என்ற முளை அதில் போய் உட்காரும். அண்ணன் சொன்ன ஏறுகழுத்து இரண்டுக்கும் பொருந்துகிறது, பந்துக்கழுத்து எங்களை வெளியே தள்ளிவிடுகிறது.

இன்னொன்று. லோபெட்டில் (தாழ்தள ட்ரெய்லர்) கழுத்து தனியாகக் கழன்று வரும் வகை இருக்கிறது. ஹைட்ராலிக்கில் கழுத்தை விடுவித்து, புல்லரோடு முன்னால் நகர்த்திவிட்டால் தளத்தின் முன்பகுதி தரையில் படிந்துவிடும். ஏற்ற வேண்டிய வண்டியை முன்பக்கமாகவே ஓட்டி ஏற்றலாம். லாரி இன்னும் பெரிதாக, உயரமாக இருந்தால் அண்ணன் ஊரிலும் இதைத்தானே தேடுவார்கள்? அதற்குப் பெயர் யோசித்தீர்களா?

-----

அதைத்தான் தேடுவார்கள். இங்கே அனுமதி இல்லாமல் போகக்கூடிய உயரம் பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம். எம்35 தார்ப்பாய்க் கூண்டோடு ஒன்பது அடிக்கு மேல் நிற்கும். சக்கரத்துக்கு மேலே தளம் அமைந்த ஏறுகழுத்தில் அந்தத் தளம் மூன்று அடிக்குச் சற்று மேல் இருக்கும். கூட்டினால் ஓரடி போல மிச்சம் இருக்கும், தப்பித்துவிடலாம். அதைவிட உயரமான லாரி என்றால் நீங்கள் சொல்லும் தாழ்தள ட்ரெய்லர்தான். கழன்று வருவதற்குக் கழல்கழுத்து எப்படி? ஏறுகழுத்தோடு ஒலியும் சேர்கிறது.

உரிமம் பற்றித் தனிமடலில் தம்பி கேட்டிருந்தார், பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, ட்ரெய்லரின் வரம்பு மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டினால் அதுவே வணிக ஓட்டுநர் உரிமம். சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவருக்கு டெக்சாஸில் வணிகமல்லாத ஏ வகுப்பு தனியாக இருக்கிறது. நாம் பேசிய ஜோடி அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது.

சங்கிலிக்கும் கணக்கு உண்டு. 10,000 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள சக்கர வண்டியைக் குறைந்தது நான்கு கட்டுகளால் கட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 5,000 பவுண்டு வேலைச்சுமை தாங்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. 3/8 அங்குல, 70ஆம் தரச் சங்கிலி 6,600 தாங்கும், அதனால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். கட்டுவதற்கு முன் லாரியைக் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் நகர்த்திப் பிக்கப்பின் பின்புறம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பார்கள். எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்கு முன்னோக்கி ஏற்றுவதுதான் வழக்கம். முன்பாரம் கூடினால் ஓர் அடி பின்னால் எடுத்துவிட்டு, அப்புறம் எடைமேடைக்குப் போவார்கள்.

-----

நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஏறுகழுத்து, கழல்கழுத்து, பின்கொக்கி, முன்பாரம் நான்கையும் கட்டுரையில் போட்டுவிட்டேன். கூஸ்நெக் என்று தேடுபவர்களுக்காக அந்தப் பெயரில் ஒரு வழிமாற்றும் வைத்திருக்கிறேன்.

தளத்தின் கடைசிப் பகுதி சாய்வாக இறங்குமே, அதன் ஆங்கிலப் பெயரான டவ்டெயிலில் ஒரு புறா இருக்கிறது. "சரிவால்" என்று எழுதி வைத்திருக்கிறேன், வண்டி ஏற்றும் சாய்பலகையோடு குழம்பாது என்று நினைக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.