புதுப்பிப்பு: 26 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு புரோபயாட்டிக் கொடுக்கலாமா?

மூன்று கிழமைக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். தங்கச்சியின் மகள் 26 கிழமையில் 820 கிராமோடு பிறந்தாள், லண்டன் மாமி புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள கிருமி) சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறா, கொடுக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கொடுக்கவில்லை. டொக்டர் இருந்து விளக்கினார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குடல் திசு அழுகும் அந்தப் பயங்கர நோய் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குறையலாம் என்று தெரிகிறதாம். ஆனால் ஒரு கிலோவுக்கும் குறைந்தவர்களிடம் சான்று பலவீனம். இங்கிலாந்தில் 1,300க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில் பிஃபிடோபாக்டீரியா என்ற புரோபயாட்டிக் கிருமியில் ஒரு வகை பலன் தரவில்லை. 2023இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதப் பிள்ளை இறந்தது. இரத்தத்தில் இருந்த கிருமியும் கொடுத்த புரோபயாட்டிக்கில் இருந்ததும் மரபணுவில் ஒன்றே. அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. நல்ல கிருமி என்றாலும் உயிருள்ள கிருமிதானே, குறைமாதப் பிள்ளையின் குடல் சுவரோ அவ்வளவு மெல்லிசு.

சில நாடுகளில் தரம் பார்த்துத் தேர்ந்த வகைகளை வார்டிலேயே கொடுக்கிறார்கள், அது வேறு. வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோவது சரியே இல்லை.

இப்போது தாய்ப்பால்தான். தங்கச்சி மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் எடுக்கிறாள். முதல் நாள் சிரிஞ்சில் ஒரு மில்லிகூட வரவில்லை. அதையும் வார்டு மிஸ்ஸி (தாதி) ஒரு சொட்டு விடாமல் குழாயில் ஏற்றினா. நேற்று வெள்ளவத்தையிலிருந்து பிள்ளையைப் பார்க்கப் போனபோது எடை 1,060 கிராம்.