நிலானியின் சீவி: கல்லடிக் குடும்பக் குழு

சனிக்கிழமை

நிலானி: எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் உள்ள ஓர் உணவுப்பொருள் கம்பனி கிழக்கு மாகாணத்துக்கு மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் எடுக்கிறது. முடிவுத் திகதி வருகிற வெள்ளி. என் சீவியையும் (சுயவிபரக் கோவை) கவர் லெட்டரையும் கீழே போடுகிறேன். சுபா அக்கா, நேரம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: பிள்ளை சாப்பாட்டையும் மறந்து இதோடுதான் இருக்கிறாள். நல்லபடியாகப் பார்த்துக் கொடு சுபா.

ரவி மாமா: பார்த்தேன் மகள், வடிவாக இருக்கிறது. ஆனால் "மேற்கூறியவை யாவும் உண்மை என உறுதிப்படுத்துகிறேன்" என்ற வரியும் கையொப்பமும் இல்லையே? அடையாள அட்டை இலக்கம், சமயம், பிறந்த திகதி ஒன்றையும் காணவில்லை. நாங்கள் எல்லாம் அதைப் போட்டுத்தான் விண்ணப்பித்தோம்.

சுபா: மாமா, அரச வேலை என்றால் வர்த்தமானியில் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே கொடுக்க வேண்டும். அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. இது தனியார் கம்பனி. அடையாள அட்டை இலக்கம் யார் யார் மின்னஞ்சலுக்கோ போவது எனக்குப் பிடிக்கவில்லை. வேலை உறுதியானதும் அவர்களே கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். சமயம், தகப்பனின் தொழில் எல்லாம் இந்தப் பிள்ளைக்கு மார்க்கெட்டிங் தெரியுமா என்பதைச் சொல்லாது. அவை பிடிக்கிற இடத்தில் சொல்ல வேண்டிய வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ரவி மாமா: சரி, விளங்குது. ஊரையாவது போடட்டுமா?

சுபா: ஊர் கட்டாயம் மாமா. "கல்லடி, மட்டக்களப்பு" என்று பெயருக்குக் கீழேயே வரட்டும். கிழக்குக்கு ஆள் தேடுகிற கம்பனிக்கு அது பெரிய விஷயம்.

சுபா: நிலானி, முழுக்க வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை, அதற்கே சந்தோஷம். ஆனால் உன்னை அதில் காணவில்லை. "கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர், புதுமையான சிந்தனை உள்ளவர்" என்று தொடங்குகிறாய். எங்கள் அலுவலகத்துக்கு வருகிற சீவிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. கண் அதில் நிற்பதே இல்லை. 2018-இல் லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம், ஆளெடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தது. முதல் பார்வையில் ஒரு சீவிக்குக் கிடைத்த நேரம் சராசரியாக 7.4 நொடி. அந்த நேரத்தை இந்த மூன்று சொல்லுக்குக் கொடுத்துவிடாதே.

சுபா: அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. "தொழில் அனுபவம்: இல்லை" என்று எழுதியிருக்கிறாய். சின்னம்மாவின் சாறி விற்கிற பேஸ்புக் பேஜை அப்போ நடத்துவது யார்?

நிலானி: அது வீட்டு வேலைதானே அக்கா. சம்பளம் ஒன்றும் எடுக்கவில்லை.

சின்னம்மா: சம்பளம் கொடுக்கவில்லைதான், ஆனால் வேலை முழுக்க அவளுடையது. மருதமுனையில் நெசவு வீடுகளுக்குப் போய் நான் சாறி எடுத்து வருவேன். முன்பு வீட்டுக்கு வந்து கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் விற்பனை. வெள்ளவத்தைக்கும் கண்டிக்கும் பார்சல் போகத் தொடங்கியது அவள் பேஜ் திறந்த பிறகுதான்.

சுபா: நிலானி, அந்தப் பேஜில் நீ என்ன செய்கிறாய்? எனக்குத் தெரியாத ஆளுக்குச் சொல்வது போலச் சொல்.

நிலானி: படம் எடுத்துப் போடுவேன். கேட்கிறவர்களுக்குப் பதில் போடுவேன்.

சுபா: படம் எப்படி எடுப்பாய்?

நிலானி: முதலில் மேசையில் மடித்து வைத்து எடுத்தேன். நிறையப் பேர் விலை கேட்டார்கள், வாங்கியவர்கள் குறைவு. மடித்த சாறியில் கரையும் தெரியாது, முந்தானையும் தெரியாது. அப்புறம் சின்னம்மாவைக் கட்டச் சொல்லி, காலையில் கடற்கரையில் எடுத்தேன். ஒரு படம் முழு ஆள், ஒன்று கரை மட்டும் கிட்டத்தில், ஒன்று முந்தானை. விலையையும் பார்சல் செலவையும் படத்துக்குக் கீழேயே எழுதினேன். சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். மெசேஜ் போடுகிறவர்கள் வாங்குகிற எண்ணத்தோடு வந்தார்கள்.

சுபா: பிள்ளை, இதுதான் மார்க்கெட்டிங்! ஏன் வாங்கவில்லை என்று யோசித்தாய், ஒன்றை மாற்றினாய், மாற்றியதும் என்ன நடந்தது என்று கவனித்தாய். நான் நேர்முகத்தில் கேட்பதே இதைத்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சீவியில் "சமூக ஊடகங்களைக் கையாள்வதில் ஆர்வம் உண்டு" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய்.

டிலக்சன்: நானும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கல்முனையில் கடைக் கலெக்‌ஷனில் நிற்கிறேன், இரவு எழுதுகிறேன்.

நிலானி: அக்கா, அப்போ "விற்பனையை 300 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதவா? இணையத்தில் இருக்கிற மாதிரிகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது.

சுபா: வேண்டாம். எதிலிருந்து 300 என்று ஒரு கேள்வி வந்தால் நீ என்ன சொல்வாய்? சின்னம்மா, கணக்கு எழுதுகிற கொப்பி இருக்கிறதா?

சின்னம்மா: இருக்கு. எந்த மாதம் வேண்டும்?

சுபா: சித்திரை வருஷத்துக்கு முந்தின நான்கு கிழமை. போன வருஷமும் இந்த வருஷமும். பேஜ் திறந்தது இரண்டுக்கும் இடையில்தானே?

சின்னம்மா: ஓம், போன ஆடியில். போன வருஷம் அந்த நான்கு கிழமையில் 9 சாறி. இந்த வருஷம் 31.

சுபா: நல்லது. சித்திரை வருஷம் என்றால் எப்படியும் சாறி போகும். அதனால் சும்மா கிடந்த ஒரு மாதத்தோடு ஒப்பிட்டுப் பெரிய எண் காட்டக் கூடாது, அதே காலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நிலானி, அந்த 31-இல் பேஜ் வழியாக வந்தது எத்தனை? எல்லாமே உன்னால் விற்றது என்று சொல்லிவிட முடியாது.

நிலானி: பார்சல் துண்டுகளை எண்ணிப் பார்த்தேன், 19. மற்றது வீட்டுக்கு வந்து வாங்கியவர்கள். அவர்களிலும் சிலர் பேஜில் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆனால் அதற்குக் கணக்கு இல்லை.

சுபா: கணக்கு இல்லாததை விட்டுவிடு. 19 போதும். இனி "அனுபவம்" என்ற தலைப்பில் முதலாவதாக இது வரட்டும். விளம்பரம் ஆங்கிலத்தில் என்பதால் சீவியும் ஆங்கிலத்தில்தான் போகும், பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

"மருதமுனைக் கைத்தறிச் சாறி விற்கும் குடும்பத் தொழிலுக்குப் பேஸ்புக் பேஜ் தொடங்கி நடத்துகிறேன். படம், விலை அறிவிப்பு, வாடிக்கையாளர் பதில், பார்சல் எல்லாம் என் பொறுப்பு. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய 4 வாரங்களில் விற்பனை 9 சாறியிலிருந்து அடுத்த ஆண்டு 31 ஆனது. அதில் 19 பேஜ் வழியாக வந்த ஓடர்கள்."

இதில் எந்தச் சொல்லைப் பிடித்துக் கேட்டாலும் உன்னால் பத்து நிமிடம் கதைக்க முடியும்.

அம்மா: சின்னம்மாவின் கொப்பி இதற்கும் உதவுகிறதே. சந்தோஷமாக இருக்கிறது.

ரவி மாமா: வந்தாறுமூலையில் எடுத்த பட்டத்தை மேலே போட வேண்டாமா சுபா? கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் மதிப்புத்தானே.

சுபா: போட வேண்டும் மாமா. வணிக முகாமைத்துவ பீடம், பட்டம், ஆண்டு, வகுப்பு. இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பையும் ஒரு வரியில் சேர்க்கலாம், ஏனென்றால் அது கடைகளில் பிஸ்கட் வாங்குகிறவர்களைப் பற்றியது, இந்தக் கம்பனிக்கு நேராகப் பொருந்துகிறது. சாதாரண தரப் பெறுபேற்றில் ஒன்பது பாடத்தையும் அட்டவணை போட்டிருக்கிறாள், அது தேவையில்லை. ஆங்கிலம், கணிதம் மட்டும் காட்டினால் போதும்.

சுபா: கூகுள் ஸ்கில்ஷொப்பில் எடுத்த விளம்பரச் சான்றிதழுக்கு ஆண்டையும் எழுது நிலானி. அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லுபடியாகும். காலாவதியானால் திரும்ப எடுத்துவிடு, இலவசம்தானே. ஃபோட்டோஷொப் 80 சதவீதம், எக்ஸல் 70 சதவீதம் என்று கோடு கோடாக வரைந்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. எதில் 80 என்று யாருக்கும் தெரியாது. "எக்ஸலில் பிவட் டேபிள் போடுவேன்" என்று எழுதினால் விளங்கும்.

டிலக்சன்: வீட்டுக்கு வந்துவிட்டேன். கவர் லெட்டரையும் பார்த்தேன் தங்கச்சி. "தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் இணைவதைப் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன்" என்பது எந்தக் கம்பனிக்கும் பொருந்துகிற கடிதம். பெயரை மாற்றினால் சீமெந்துக் கம்பனிக்கும் போகும்.

நிலானி: அங்கேதான் எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை அண்ணா.

டிலக்சன்: கொழும்பில் இருக்கிற மனேஜருக்குத் தெரியாத ஒன்றை எழுது. நான் பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரை விற்பனைப் பிரதிநிதியாக ரூட் ஓடுகிறவன், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் காசு மாதச் சம்பளத்தோடு மட்டும் வருவதில்லை, நெல் வெட்டோடு வருகிறது. பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில். சிறுபோக வெட்டு ஆவணி, புரட்டாதியில். அந்த நேரம் அக்கரைப்பற்று, சம்மாந்துறைக் கடைகளில் பெரிய பைக்கட் போகும். விதைப்பு நேரத்தில் அதே வீடு சின்னப் பைக்கட் வாங்கும், கடனும் கேட்கும். கொழும்பில் இருந்து வருகிற புரமோஷன் இதைப் பார்த்து வருவதில்லை. விதைப்பு மாதத்தில் "பெரிய பைக்கட் வாங்கினால் கோப்பை இலவசம்" என்று வந்தால் கடைக்காரர் என்ன செய்வார்?

சுபா: டிலக்சன், இது அருமை. இன்னும் சொல்.

டிலக்சன்: நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வியாபாரம் பின்னேரத்துக்கு மாறிவிடும். வெள்ளி மதியம் ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அந்த நேரத்துக்கு சாம்பிள் கொடுக்க ஆள் அனுப்பிப் பயனில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். சனம் எங்கே கூடும் என்று நாட்காட்டியிலேயே இருக்கிறது. அம்பாறை டவுன் பக்கம் போனால் சிங்களம் வேண்டும். நிலானி, உனக்கு எவ்வளவு வரும்?

நிலானி: கதைப்பேன் அண்ணா. எழுதுவது கஷ்டம்.

சுபா: அப்படியே எழுது. "சிங்களம்: பேசுவேன், எழுத்துப் பயிற்சி குறைவு." மூன்று மொழிக்கும் "மிக நன்று" என்று போட்டுவிட்டு நேர்முகத்தில் ஒரு சிங்கள மின்னஞ்சலை எழுதச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

நிலானி: கவர் லெட்டரைத் திரும்ப எழுதினேன். பொருள் இதுதான்:

"கிழக்கு மாகாண மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவள். இந்தக் கரையோரத்தில் வீட்டுச் செலவு நெல் அறுவடையோடு ஏறி இறங்குகிறது. மாசி, பங்குனியில் பெரிய பொதியும் விதைப்புக் காலத்தில் சிறிய பொதியும் விற்பதை விற்பனைப் பிரதிநிதியான என் உறவினரிடமிருந்து அறிந்தேன். என் இறுதியாண்டு ஆய்வுக்காக மட்டக்களப்புக் கடைகளில் பேசியபோதும் இதையே கேட்டேன். உங்கள் புதிய சத்துமா வகையை இந்தக் காலங்களுக்கு ஏற்ப எப்படி அறிமுகம் செய்யலாம் என்று பேச விரும்புகிறேன். எங்கள் குடும்பக் கைத்தறி விற்பனையில் படத்தையும் விலை அறிவிப்பையும் மாற்றி ஓடர் கூட்டிய விபரம் சீவியில் உள்ளது."

சுபா: வாசித்துவிட்டு எழும்பி நின்றேன் பிள்ளை. நீ என்னிடம் விண்ணப்பித்திருந்தால் உடனே அழைத்திருப்பேன். ஒன்று மட்டும் சேர்: அந்தச் சத்துமாவை எந்தக் கடையில் பார்த்தாய், எந்தத் தட்டில் இருந்தது? போய்ப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

நிலானி: இப்போதே போகிறேன் அக்கா.

நிலானி: பார்த்தேன். கல்லடியில் மூன்று கடை. இரண்டில் குழந்தைப் பால்மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், ஒன்றில் மேல் தட்டில் கண்ணுக்கே படாது. ஒரு கடைக்கார அண்ணா, "இது குழந்தைக்கா பெரியவருக்கா என்று சனம் கேட்கிறது, பைக்கட்டில் தமிழில் பெரிதாக இல்லை" என்றார்.

டிலக்சன்: பொன் மாதிரி வரி. போடு, போடு.

சுபா: போடு, ஆனால் குறை சொல்கிற தொனியில் வேண்டாம். "கடைக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார், தமிழ் லேபலில் இதைத் தெளிவாக்கினால் உதவும் என நினைக்கிறேன்" என்று எழுது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

சுபா: இனி வடிவம். கன்வா தளத்தில் எடுத்த, பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரிக்கிற டிசைனை விட்டுவிட்டு சாதாரண வேர்ட் பக்கத்தில் ஒரே நிரலாக எழுது. பல பெரிய கம்பனிகளில் ஏடிஎஸ் என்கிற மென்பொருள்தான் விண்ணப்பங்களை முதலில் வகைப்படுத்துகிறது. கட்டமும் படமும் இருந்தால் சில வேளை வரிகளைக் குழப்பிவிடும். விளம்பரத்தில் "பிராண்ட் அக்டிவேஷன்" (பொருளைச் சனத்துக்கு நேரில் அறிமுகம் செய்வது), "டிரேட் மார்க்கெட்டிங்" (கடைகள் வழியாக விற்பனையைக் கூட்டுவது) என்று கேட்டிருக்கிறார்கள். நீ உண்மையில் செய்ததற்கு அந்தச் சொற்கள் பொருந்துகிற இடத்தில் அதே சொற்களைப் போடு. செய்யாததற்குப் போடாதே.

ரவி மாமா: உன்னைப் பற்றி விசாரிக்க உறவினர் அல்லாத இருவர் பெயரையும் கொடுக்க வேண்டுமே மகள். விரிவுரையாளர் ஒருவரைக் கேட்டாயா?

நிலானி: ஆய்வுக்கு வழிகாட்டிய சேர் சம்மதித்தார் மாமா. மற்றது சின்னம்மாவிடம் மொத்தமாக எடுக்கிற வெள்ளவத்தைக் கடைக்கார அக்கா. இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் பெயர் போட்டேன்.

ரவி மாமா: அப்படியென்றால் சரி. ஆங்கிலத்தை எனக்கு அனுப்பு, ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை

ரவி மாமா: பார்த்துவிட்டேன். இலக்கணம் சுத்தம். கடிதத்தின் இரண்டாம் பந்தியில் கம்பனியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அதைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் பார்த்தேன், உன் போன்தான் அடித்தது.

நிலானி: நன்றி மாமா! மின்னஞ்சலின் தலைப்பில் பதவியின் பெயரும் என் பெயரும் போட்டேன். கோப்புக்கும் என் பெயரையே வைத்தேன். அனுப்பட்டுமா?

சுபா: அனுப்பு. வெள்ளிவரை வைத்திருக்காதே.

நிலானி: அனுப்பிவிட்டேன்.

அம்மா: மாமாங்கப் பிள்ளையாரே துணை.

சுபா: அனுப்பிய அதே பீடிஎப்பைப் போனில் வைத்துக்கொள் நிலானி. அழைப்பு வந்தால் அதைப் பார்த்துக் கதைக்கலாம். சின்னம்மா, அந்தக் கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவிடுங்கள், நேர்முகத்தில் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள்.

சின்னம்மா: இப்பவே எடுத்து அனுப்புறேன்.