புதுப்பிப்பு: மாரி மழையில் பிள்ளைகளை விளையாட விடுவது

திருகோணமலை உப்புவெளியில் வாடைக்காற்றும் தூறலுமாக இருக்கும்போது நாலு வயது மகளுக்கு என்ன உடுத்தி முற்றத்தில் விடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நான் விட்ட பிழை பருத்தி பெனியன். பருத்தி தண்ணீரை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், லேசில் காயாது. காற்றுப் பட்டதும் பிள்ளையின் சூடு போய்விடும். இப்போது உள்ளே மெல்லிய பொலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை, மேலே மழைக்கோட்டு, அவ்வளவுதான். இங்கே மார்கழியிலும் 25 பாகை அளவில்தானே இருக்கும். ஸ்வெட்டரும் போட்டு விட்ட நாளில் மகள் வியர்த்தே நனைந்துபோனாள்.

கையைத் தொட்டுப் பார்க்காமல் பிடரிக்குள் விரலை விட்டுப் பாருங்கள் என்று ஒரு அக்கா எழுதியிருந்தா. எனக்கு மிகவும் உதவியது அதுதான். கை சில்லிட்டாலும் பிடரி இளஞ்சூடாக இருந்தால் சரி. வியர்வை ஈரமென்றால் ஒன்றைக் கழற்றிவிடுவேன். நடுங்கினால் உடனே உள்ளே கூட்டிவந்து, துடைத்து, உடுப்பு மாற்றிவிடுவேன்.

கால்தான் பெரிய பாடு. மழைக்காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட்டதும், வழிகிற தண்ணீர் உள்ளே இறங்குவது நின்றுவிட்டது. நேற்று முக்கால் மணி நேரம் முருங்கை மரத்தடிக் குட்டையில் குதித்தாள். கழற்றிப் பார்த்தேன், மேசு (காலுறை) காய்ந்தபடியே இருந்தது!