நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் எப்படித் தூங்குகிறீர்கள்?

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன் நான். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, 12 மணி நேர ஷிப்ட். வயது 35-ஐத் தாண்டியதும் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

காலையில் கம்பெனி பஸ்ஸில் கண் சொக்கும். ஈசூனில் இறங்கி முகத்தில் வெயில் பட்டதும் தூக்கம் பறந்துவிடும். வெளிச்சம் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும் என்பதால் இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். (டிரைவர் அங்கிள் 'ஹீரோ' என்கிறார்.) சரி என்று படுத்தால், ஒன்பது மணிக்கு மேல்வீட்டில் டிரில் சத்தம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி வார நாளில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை இடிக்கலாம், சண்டை போடவும் வழியில்லை.

விடிகாலை நான்கு மணிதான் பெரிய சோதனை. போன வாரம் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) கையில் இருக்கும்போதே கண்ணயர்ந்து தொடையில் கொட்டிக்கொண்டேன். அந்த நேரத்துக் கோப்பியில் உள்ள கஃபீன் ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி உடம்பில் இருக்குமாம். பிறகு எங்கே தூங்குவது?

தாதியர், செக்யூரிட்டி அண்ணன்மார், யாராவது சொல்லுங்கள். கடைசிக் கோப்பி எத்தனை மணிக்கு? வீட்டுக்கு வந்ததும் இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாமா, வெறும் வயிறா? ஓய்வு நாளில் மகளோடு பகலில் விழித்திருந்தால் அடுத்த இரவு மொத்தமும் கெடுகிறது. அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மாத்திரை மட்டும் வேண்டாம்.