டெர்மினல் டூலுக்கு ஒரு வரி விளக்கம் போதுமா?

வெள்ளவத்தை வாசி:
எங்கள் அலுவலகத்தில் சேர்வர் வேலைகளை ஒரு ஏஐ உதவியாளரிடம் விட்டிருக்கிறோம். டெர்மினல் கட்டளைகளை (பாஷ் என்ற மொழியில் தட்டச்சு செய்பவை) ஒரு டூல் வழியாக அதுவே ஓட்டும். அந்த டூல் என்ன செய்யும் என்று உதவியாளருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: "பாஷ் கட்டளையை இயக்கும்." போன வாரம் அதனால் அரை நாள் வீணானது.

விடிய 2 மணிக்குப் பணம் கட்டும் பக்கம் நின்றிருக்கிறது. காலை வந்து, "இன்று விடிய வந்த பிழையைத் தேடு" என்றேன். எங்கள் சேர்வர் ஓடுவது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். கொழும்பில் நள்ளிரவு தொடங்கி 5.30 வரை அங்கே முந்தைய தேதிதான். உதவியாளர் இன்றைய தேதியிட்ட லொக்கில் (சேர்வரின் பதிவுக் கோப்பு) கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டது, ஒன்றும் அகப்படவில்லை. தேடியது கிடைக்காவிட்டால் கிரெப் 1 என்ற எண்ணோடு முடியும். உண்மையான கோளாறு என்றால் 2. எங்கள் டூலோ 0 தவிர எது வந்தாலும் "கட்டளை தோல்வி" என்று திருப்பிச் சொல்லும். கோப்பைத் திறக்க அனுமதி இல்லையாக்கும் என்று எடுத்துக்கொண்டு, உதவியாளர் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டது. அப்புறம் கோப்பின் அனுமதியையே மாற்றப் போனது. நல்ல காலம், பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கத்தை நீளமாக, விவரமாக எழுத வேண்டும் என்பது என் கட்சி.

கொட்டாஞ்சேனை:
அண்ணா, நோய் ஒன்று, நீங்கள் சொல்லும் மருந்து வேறொன்று. 1 வந்தால் தோல்வி என்பது டூலின் நிரலில் உள்ள பிழை. அதைத் திருத்துங்கள். முடிவு எண்ணையும் வந்த எழுத்தையும் அப்படியே கொடுத்தால் கிரெப்பின் 1 என்ன என்று உதவியாளரை ஓட்டும் மொடலுக்குத் தெரியும். அதைவிட, லொக் பார்க்கிற கணக்குக்கு சூடோ எதற்கு? வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கில், கொன்டெய்னர் என்ற தனித்த கூண்டுக்குள் ஓட விடுங்கள். "அழிக்காதே" என்று விளக்கத்தில் எழுதுவது மொடலிடம் வைக்கும் வேண்டுகோள், அவ்வளவுதான். மொடலை டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் அந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட வரையறை, மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல். அதில் 'வாசிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று டூலுக்கு அடையாளம் போடப் பின்னர் வழி வந்தது. அவை வெறும் குறிப்புகள், நம்பகமில்லாத சேர்வரிலிருந்து வந்தால் நம்பக்கூடாது என்று அந்த வரையறையே சொல்கிறது.

அதோடு, விளக்கம் ஒவ்வொரு அழைப்போடும் மொடலுக்குப் போகிறது. ஒவ்வொரு வரிக்கும் டோக்கன் (மொடல் வாசிக்கும் எழுத்துத் துண்டு) செலவு. பாஷ் பாடத்தை அதற்கே திரும்ப நடத்துவானேன்?

தெஹிவளை அக்கா:
பாஷ் தெரியும், தம்பி. ஆனால் இவர்களுடைய டூல் எப்படி நடக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? நாங்கள் வைத்திருக்கும் விளக்கம் இது (ஷெல் என்பது கட்டளையை வாங்கி ஓட்டுவது, சிடி அடைவை மாற்றும் கட்டளை, விம் விசைப்பலகையால் ஓட்டும் எழுத்துத் திருத்தி):

"ஒவ்வொரு கட்டளையும் புதிய ஷெல்லில் ஓடும். முன்பு போட்ட சிடி நிற்காது, முழுப் பாதையைக் கொடு. 120 விநாடி தாண்டினால் நிறுத்தப்படும். விசைப்பலகை உள்ளீடு இல்லை. விம் போன்றவற்றைத் திறக்காதே. வெளியீட்டில் கடைசி 400 வரி மட்டும் திரும்பும். நேரமெல்லாம் யூடிசி, பயனர் சொல்வது கொழும்பு நேரம், 5.30 மணி கழி. கோப்பை வாசிக்க மட்டும் என்றால் இதை விட்டு வாசிப்பு டூலை எடு."

இதில் பாஷ் பாடம் ஒரு வரி இல்லை. 1971 நவம்பர் 3 தேதியிட்ட யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே கட்டளைகளின் கீழ் 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. செய்தவர்களே தங்கள் கட்டளை எங்கே சறுக்கும் என்று எழுதி வைத்தார்கள். நானும் அந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை:
அக்கா, இதில் பாதியைப் பிழைச் செய்திக்கே தள்ளலாம். 120 விநாடி தாண்டினால் அப்போது சொல்லுங்கள்: "நேரம் முடிந்தது, பின்னணியில் ஓட்டு." நடந்த இடத்தில், நடந்த வேளையில் போய்ச் சேரும். விம் திறந்தாலும் அதேதான். டோக்கனும் மிச்சம்.

வெள்ளவத்தை வாசி:
சூடோ விஷயத்தில் பிழை எங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். அந்த உரிமையை நேற்றே எடுத்துவிட்டோம். ஆனால் தம்பி, தப்பான நாளின் லொக்கைத் திறந்தால் எந்தப் பிழைச் செய்தி வரும்? கோப்பு இருக்கிறது, திறக்கிறது, "பிழை எதுவும் இல்லை" என்று பதில் வருகிறது. நீங்கள் சொன்னபடி நிரலைத் திருத்தியிருந்தால், அன்று உதவியாளர் நிம்மதியாக "விடிய ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லியிருக்கும். நானும் நம்பியிருப்பேன். அது சூடோவைவிட மோசம்.

தெஹிவளை அக்கா:
அதேதான். 400 வரியும் அப்படி. வெட்டியதைச் சொல்லாவிட்டால் வந்ததுதான் முழுக்கோப்பு என்று எண்ணிக்கொள்ளும். சிடியை நம்பி வேறு அடைவில் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை ஓடி, அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தால், அதை அழித்துவிட்டு அதுவும் 0 என்றே முடியும்.

கொட்டாஞ்சேனை:
சரி, சத்தமில்லாமல் சறுக்குகிறவை விளக்கத்துக்குள் வரட்டும். சத்தம் போடுகிறவற்றைப் பிழைச் செய்திக்கு விடுங்கள். 120 விநாடியும் விம்மும் அங்கே போகட்டும் என்பதில் மாற்றமில்லை. வெட்டியதை மட்டும் விளக்கத்தோடு விடாமல், வெட்டிய வெளியீட்டின் தலையிலேயே "இன்னும் இத்தனை வரி உண்டு" என்று போடுங்கள்.

அண்ணா, யூடிசி வரியைச் சேர்த்து ஒரு பத்துத் தரம், சேர்க்காமல் ஒரு பத்துத் தரம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தேதிக் கோப்பைத் திறக்கிறது என்று மட்டும் எண்ணினால் போதும்.

வெள்ளவத்தை வாசி:
அந்த லொக் இன்னும் கிடக்கிறது. இன்றிரவே ஓட்டி, கிடைத்ததை அப்படியே இங்கே போடுகிறேன்.