எல்லாம் வீட்டுக்கே வருகிறது, பேச ஆள்தான் இல்லை

வளவுக்காரன்:
வயது 66. சென்னையில் 34 வருஷம் வங்கி வேலை. மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் பூர்வீக வீட்டில் இருக்கிறேன். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே நான் ஒருத்தன். பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்குள்ள வீடு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் நூறு இலை விழும். மற்ற நாளில் வளவில், அதுதான் உள்முற்றத்தில், புறாதான்.

மகள் சிங்கப்பூரில். அப்பா அலையக் கூடாது என்று எல்லாவற்றையும் போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். பால் பாக்கெட் வாசலில் மாட்டிய பையில் விழுகிறது. மளிகை காரைக்குடியிலிருந்து வண்டியில் வருகிறது. கரண்ட் பில் அவளே கட்டிவிடுகிறாள். குறை சொல்ல முடியாது. ஆனால் போன செவ்வாய் சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது என் குரல் கரகரத்தது. சளியா என்று பதறினாள். யோசித்துப் பார்த்தால், அன்று காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை.

தேடி வருகிற ஒரே ஆள் பழைய சாமான் வியாபாரி. அவர் பேச்சும் என்னோடு இல்லை, தூணோடுதான்.

இதற்கு என்ன செய்வது?

ஓலைக்கொட்டான், தேவகோட்டை:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. முகப்புக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் யார் வருவார்கள்? சாயங்காலம் 5 மணிக்குத் திண்ணையில் உட்காருங்கள். போன் வேண்டாம். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், கீரை ஆய்வது மாதிரி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆம்பளையைப் பார்த்தால் ஒதுங்கித்தான் போவார்கள். கீரை ஆய்கிற ஆம்பளையிடம் ரெண்டு கேள்வியாவது கேட்காமல் போக மாட்டார்கள். நானும் வாசலில் உட்கார்ந்துதான் கொட்டான் பின்னுகிறேன். இத்தனைக்கும் ஃபேன் உள்ளேதான் இருக்கிறது.

புதுவயல்காரன்:
சார், யோசித்துச் செய்யுங்கள். முதல் கேள்வியே “வீட்டை விக்கப் போறீங்களா?” என்றுதான் வரும். அடுத்தது “மக ஏன் கூட வெச்சுக்கலை?” நான் ஊருக்குத் திரும்பி ஆறு மாசம் இதற்கே பதில் சொன்னேன். அதன் பிறகுதான் மழை, மாடு என்று பேச்சு மாறியது.

உளவியல் மாணவி:
ஐயா, ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு காபிக் கடையில் செய்த ஆய்வு 2014ல் வெளியானது. சிலரைக் காசைக் கொடுத்துச் சட்டென வாங்கி வரச் சொன்னார்கள். சிலரைக் காபி போடுபவரிடம் சிரித்து, ரெண்டு வார்த்தை பேசி வாங்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் மனசு சந்தோஷமாக இருந்ததாம். உங்கள் மகள் அலைச்சலை மிச்சம் பிடித்ததில் அந்த ரெண்டு வார்த்தையும் போய்விட்டது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு குறைந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

வளவுக்காரன் (பன்னிரண்டு நாள் கழித்து):
பால் பாக்கெட்டை நிறுத்தினேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரணிக்கு அந்தப்பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் காலை 6 மணிக்குப் போகிறேன். புதுவயல்காரர் சொன்ன இரண்டு கேள்வியும் அதே வரிசையில் வந்தன.

நாலாம் நாள், பரணிலிருந்து என் மனைவியின் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் பார்த்தால் வேட்டியெல்லாம் பால். அடியில் ஓட்டை. வெறும் தூக்கோடு திரும்பிப் போய் நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதை வாங்கி வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். “ஈயம் பூசாத பித்தளையில யாராச்சும் பால் வாங்குவாகளா?” என்று ஒரு ஆச்சி திட்டினார். பற்றவைத்தால் போதும் என்றார் ஒருவர். அடியையே மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் இதே பேச்சு. கடைசியில் ஒரு தம்பி, தனக்குத் தெரிந்த ஆள் காரைக்குடியில் இருக்கிறார் என்று வாங்கிக்கொண்டு போனான். தினமும் கேட்கிறேன், “நாளைக்குக் கண்டிப்பா, ஐயா” என்கிறான்.

அதுவரைக்கும் அந்த ஆச்சி கொடுத்த எவர்சில்வர் செம்பில்தான் பால் வாங்குகிறேன்.