முதல் சீசன், இரண்டாம் பீரியட்: கல்லூரி ஐஸ் ஹாக்கி அனுபவப் பகிர்வு

புதிதாகத் தொடங்கிய அணிகள் செய்யும் தவறுகளைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள்; ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்.

பின்கதவு:

மூணு பீரியட் ஆட்டத்துல இரண்டாம் பீரியட் பாதி தாண்டியாச்சு, ஸ்கோர் 2-2. புது அணியோட டிஃபென்ஸ் ஜோடி ஒன்றரை நிமிஷமா வெளியே வர முடியாம மாட்டிக்கிட்டிருக்கு. ஒருவழியா பக் (ரப்பர் வட்டு) கிடைச்சதும் இடது டிஃபென்ஸ்மேன் நடுச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னே ஓங்கி அடிச்சு விட்டார். ஐசிங்: நடுக்கோட்டைத் தாண்டாம அடிச்ச பக் எதிரணிக் கோல் கோட்டையும் தாண்டிப் போற தப்பு. இன்னும் ரெண்டு தள்ளு தள்ளிக் கோட்டைத் தாண்டியிருந்தா விசிலே வந்திருக்காது.

ஐசிங் பண்ண அணி ஆள் மாத்த முடியாது. அதே அஞ்சு பேர், ஃபேஸ்ஆஃப் (ரெண்டு பேருக்கு நடுவுல பக்கைப் போட்டு மறுபடி தொடங்குறது) சொந்தக் கோல் பக்கத்துல, எதிரணியில புது லைன் (ஒண்ணா ஆடுற ஃபார்வர்ட் மூணு பேர்). ஃபேஸ்ஆஃப் தோத்தாச்சு, பக் ப்ளூ லைனுக்கு (கோல் பகுதியோட எல்லைக் கோடு) போச்சு, அங்கிருந்து ஷாட். அந்த டிஃபென்ஸ்மேன் ஸ்டிக்கை முழங்கால் மேல குறுக்கே வெச்சுக் குனிஞ்சபடியே நிக்கிறார்; பக் அவர் ஸ்கேட்டை ஒட்டித்தான் உள்ளே போச்சு. காலை ஒரு சாண் நகர்த்தத் தெம்பில்லை.

எல்லாம் லாங் சேஞ்ச் (பெஞ்ச் தள்ளிப் போறதால ஆள் மாத்த நீளமா ஓடுறது) பண்ற வேலை. 1, 3 பீரியட்ல பெஞ்ச் சொந்தக் கோல் பாதியில இருக்கும். 2-ல பக்கம் மாறினதும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடும். அப்போ பெஞ்ச் கதவும் மாறணும்: சொந்தக் கோலுக்குக் கிட்ட இருக்கிற கதவு எப்பவும் டிஃபென்ஸுக்கு. முதல் இடைவேளை முடிஞ்சு வரும்போது உட்காருற இடத்தை மாத்தாத அணி, டிஃபென்ஸ்மேனை ஒரு பெஞ்ச் நீளம் கூடுதலா ஓட விடுது.

ரப்பர்:

பெஞ்ச் இருக்கட்டும், பக்கைக் கவனித்தீர்களா? புது அணி நடத்திய முதல் ஹோம் மேட்ச். ப்ளூ லைனில் நிற்கும் பாயிண்ட்மேனுக்குச் சாதாரண பாஸ். கடைசி நேரத்தில் பக் எழும்பி அவர் ஸ்டிக் பிளேடின் மேலாகக் குதித்தது. எதிரணி விங் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்ட்) அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் கோல் போட்டார். பெஞ்சில் எல்லோரும் பாயிண்ட்மேனைத் திட்டினார்கள். பக்கை யாராவது தொட்டுப் பார்த்திருந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்திருக்கும்.

பக் என்பது 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 5.5 முதல் 6 அவுன்ஸ் எடையுள்ள வல்கனைஸ் செய்த ரப்பர். அறை வெப்பத்தில் அது துள்ளும். உறைய வைத்தால்தான் தட்டையாகச் சறுக்கும். முந்தின நாளே ஃப்ரீஸரில் போட்டுவிடுவது நல்லது. மேட்சின்போது டைம்கீப்பர் மேசைக்குக் கீழே ஒரு வாளி ஐஸில் வைத்து, ஆட்டத்தில் இருக்கும் பக் சூடேறியதும் மாற்ற வேண்டும். வார்ம்அப்புக்கு எடுத்த பக்குகளை மேட்ச் வாளியில் கலக்கக் கூடாது. வேலையாகச் சொன்னால் ஐந்து நிமிடம், ஆனால் ஹோம் டீமில் இதற்கென்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

நாற்பத்தைந்து வினாடி:

பின்கதவு, நீங்க சொல்ற கோல் லாங் சேஞ்சால விழுந்தது இல்லை. கூடுற தூரம் ஒரு பெஞ்ச் நீளத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஒன்றரை நிமிஷம் களத்துல இருந்தா எந்தப் பீரியட்லயும் அதே கதிதான். ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை களத்துல நிக்கிற நேரம், 45 வினாடி. முழு வேகத்துல ஓடுற கால் அதுக்கு மேல தாங்காது, எரிச்சல் ஏறிடும். ஏறினப்புறம் பெஞ்சில ரெண்டு ஷிஃப்ட் உட்கார்ந்தாலும் முழுசா இறங்காது.

புது அணியில நல்லா ஆடுற மூணு பேர்தான் இதைக் கெடுக்கிறது. பக் கையில இருக்கு, எதிர்க்கோலை நோக்கி இன்னொரு ரஷ் போகலாம்னு நினைப்பு. அவங்க 80 வினாடி நின்னா அடுத்த லைனுக்கு உடம்பு ஆறிப்போகும், மூணாவது லைன் ஒரு பீரியட்டுக்கு நாலு தடவைதான் களம் பாக்கும். கோச் கத்திப் பிரயோஜனமில்லை. பெஞ்சில ஒருத்தர் கையில ஸ்டாப்வாட்ச் கொடுங்க, ஒவ்வொருத்தர் ஷிஃப்ட்டும் எத்தனை வினாடின்னு எழுதட்டும், இடைவேளையில தாளை அறைச் சுவர்ல ஒட்டுங்க. ரெண்டாவது மேட்ச்ல தானா குறையும்.

அரைவட்டம்:

ஷிஃப்ட் எண்ணுறவங்களுக்கு ஒரு கேள்வி: ஸ்கேட்ல இரும்பே இல்லைன்னா எத்தனை வினாடி? கோலுக்குப் பின்னால திரும்பும்போது ஒரு ஃபார்வர்டோட வலது ஸ்கேட் கத்தி கழன்று தனியா போர்டு (சுற்றுச் சுவர்) வரைக்கும் சறுக்கிப் போச்சு. மனுஷன் வெறும் பிளாஸ்டிக் ஹோல்டர் மேல நிக்கிறார். ஆட்டம் நிக்கலை. ஒரு டிஃபென்ஸ்மேன் முதுகுல கை வெச்சுத் தள்ளிக்கிட்டே பெஞ்சுக்குக் கொண்டு வந்தார், அந்த நேரம் எதிர்ல அஞ்சு பேர், இங்கே மூணு.

காரணம் சின்னது. டிரிகர் (கத்தியை விடுவிக்கிற விசை) வெச்ச ஹோல்டர்ல கத்தியைக் கழட்டித் தீட்டினப்புறம் திரும்ப மாட்டும்போது 'கிளிக்' சத்தம் வரணும். உள்ளே ஈரம், தூசி, துரு சேர்ந்திருந்தா பாதியில நின்னுடும், பார்க்க மாட்டின மாதிரியே இருக்கும். மாட்டினதும் கத்தியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்க. ஆடினா மறுபடி கழட்டித் துடைச்சு மாட்டுங்க. ஸ்பேர் கத்தி ஒவ்வொரு சைஸிலும் ஒண்ணு, தீட்டியே பெட்டியில இருக்கணும். சைஸ் மில்லிமீட்டர்ல கத்தி மேலயே இருக்கும்: 272, 280, 288 இப்படி. இடது வலது வித்தியாசம் கிடையாது.

தீட்டுறதைப் பத்தியும் சொல்லிடறேன். ஹாலோ (கத்தி அடியில தீட்டுற பள்ளத்தோட ஆரம்) 1/2 அங்குலத்துல எல்லாரையும் ஆரம்பிக்கலாம். 3/8 ஆழம் கூட, பிடிப்பு அதிகம், எடை கூடின ஆளுக்கு ஐஸ்ல புதைஞ்சு கால் சீக்கிரம் சோர்ந்திடும். அவங்களுக்கு 5/8 பொருந்தும். மெஷின் சரியா செட் ஆகலைன்னா உள் விளிம்பு ஒரு உயரம், வெளி விளிம்பு ஒரு உயரம்னு வரும். நேரான தகட்டைக் கத்திக்குக் குறுக்கே வெச்சுப் பார்த்தா ஒரு பக்கம் சாயும். ஒரே திசையில மட்டும் வழுக்கி விழுற ஆளைப் பார்த்தா முதல்ல இதைச் சோதிங்க. டெக்னிக் பாடம் அப்புறம்.

ராத்திரி ஸ்லாட் முடிஞ்சு கிளம்பும்போது கத்தியை உலர்ந்த துணியால துடைச்சுத் துணி உறை போடுங்க. நடக்கப் போடுற கெட்டிப் பிளாஸ்டிக் கார்டோட பைக்குள்ள வெச்சா காலையில துரு.

முகமூடி:

வார்ம்அப்பில் முதல் ஷாட். பதினைந்து அடியிலிருந்து முழு வேகத்தில் தோளுக்கு மேல். கோலி (கோல்கீப்பர்) அப்போதுதான் கோலுக்கு முன்னால் உள்ள கிரீஸுக்குள் வந்து கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பக் தொண்டைக் காப்பில் பட்டது. காப்பு தொங்கிய கயிறு அறுந்து விழுந்தது. ஆள் மண்டியிட்டபடி கையுறையைக் கழற்றி கழுத்தைத் தடவிப் பார்த்தார். அணியில் வேறு கோலி கிடையாது. அடித்தவர் சொந்த அணிக்காரர்.

வார்ம்அப் கோலிக்காக நடப்பது. முதலில் 35-40 அடியிலிருந்து, தரையோடு, கால் பேடை நோக்கி, ஒருவர் அடித்து முடித்த பிறகே அடுத்தவர். பிறகு கேட்ச் கையுறைப் பக்கம், பிறகு பிளாக்கர் (ஸ்டிக் பிடிக்கும் கையின் தட்டைக் கையுறை) பக்கம், அதற்கப்புறம் ஓரத்திலிருந்து கோணத்தில். தனியாக வந்து ஏமாற்றுவதெல்லாம் கடைசி ஒரு நிமிடம். மேலே அடிக்க விரும்புகிறவர்கள் காலிக் கோலில் அடித்துக்கொள்ளட்டும்.

சொல்ல வந்ததோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கோலி இல்லாத அணி, முதல் மாதத்திலேயே ஒரு ஸ்கேட்டரை (கோலி அல்லாத ஆட்டக்காரரை) தேர்ந்தெடுத்து வாரத்தில் ஒருநாள் பேடு கட்டிப் பழக்க வேண்டும். பேடு, மார்புக் காப்பு, பிளாக்கர் மூன்றையும் பையில் மூடி வைக்காமல் விரித்துக் காற்றில் உலர்த்த வேண்டும். ஹீட்டர் முன்னால் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். வார்களில் எது தேய்ந்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள், முதலில் போவது முழங்கால் வார்தான். ஹெல்மெட் விஷயத்தில் ஸ்கேட்டர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: பின்புறம் உள்ள எச்இசிசி (ஹாக்கி உபகரணங்களுக்குச் சான்று தரும் அமைப்பு) சான்று தயாரித்த நாளிலிருந்து 6.5 ஆண்டுகளுக்குத்தான். புது அணிக்குத் தானமாக வரும் பெட்டியில் பாதி ஹெல்மெட் அதைத் தாண்டியிருக்கும். முகக் கூண்டு போட்டிருக்கிறார்களே என்று அதை வாங்கி மாட்டிவிடாதீர்கள். என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஆட்டத்தில் முழு முகக் காப்பு கட்டாயம், கிளப் அணியும் அதையே பின்பற்றுவது நல்லது. கூண்டின் திருகு நான்கையும் ஒவ்வொரு மேட்சுக்கும் முன் முறுக்கிப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் கிளிப் நாலைந்து, 108, 120 அங்குல லேஸ்கள், டேப், இவ்வளவும் ஒரு டப்பாவில் அடங்கும்.

பின்கதவு:

நாற்பத்தைந்து வினாடி அவர்களே, தூரம் மட்டும் பிரச்சினை இல்லை. முதல் பீரியட்ல பெஞ்சிலிருந்து குதிக்கிற டிஃபென்ஸ்மேன் பக்குக்கும் சொந்தக் கோலுக்கும் நடுவுல இறங்குவார். இரண்டாவதுல அதே ஆள் ஆட்டத்துக்குப் பின்னால இறங்குவார், துரத்திக்கிட்டே வரணும். அதனாலதான் களைச்சவன் மாறப் பயப்படுறான், 45 வினாடி 90 ஆகுது. பக் எதிரணிக் கோல் கோட்டுக்குப் பக்கத்துல ஆழமா போனப்புறம்தான் மாறணும். பெஞ்சுக்குக் கிட்ட இருக்கிற டிஃபென்ஸ்மேன் முதல்ல, மத்தவர் நடுவுக்கு நகர்ந்து காத்து, புது ஆள் இடத்துக்கு வந்ததும் தான் போகணும். ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பினா அங்கே ஸ்டாப்வாட்ச் எதுவும் செய்யாது.

முகமூடி, ஹெல்மெட் திருகாணி பத்தி யாரும் கேட்கலையே!

ஐந்தடி:

ஒண்ணா கிளம்புறது ஒரு தப்பு, சீக்கிரம் குதிக்கிறது இன்னொண்ணு. வெளியேறுறவர் பெஞ்சிலிருந்து 5 அடிக்குள்ள வந்து, ஆட்டத்தை விட்டு ஒதுங்கினப்புறம்தான் உள்ளே போறவர் விளையாட்டுல கலந்துக்கலாம். ஒரு விங் போர்டு மேல ஏறிக் குதிச்சார், பக் நேரா அவர் ஸ்டிக்குக்கே வந்துடுச்சு, வெளியே வர வேண்டியவர் இன்னும் ஃபேஸ்ஆஃப் புள்ளி கிட்ட. பழக்க தோஷத்துல பக்கைத் தொட்டார். ஆறு பேர், பெஞ்ச் மைனர் (அணி மேல விழுற சின்ன பெனால்டி), 2 நிமிஷம். தொடாம விட்டிருந்தா ரெஃபரி கண்டுக்காம விட வாய்ப்பு இருந்தது.

உட்காந்திருக்கும்போதே "நான் யாருக்கு" ன்னு சத்தமா சொல்லணும்: இடது விங் இடது விங்குக்கு, சென்டர் சென்டருக்கு. வர்றவர் தன் இடத்தைக் கத்திக்கிட்டே வரணும். ஒரு ஃபார்வர்ட் பெனால்டியில இருக்கும்போதுதான் இது குழம்பும், ஏன்னா லைன்ல யார் குறையுதுன்னு மத்த ரெண்டு பேருக்கும் தெரியாது. பெனால்டி விழுந்ததும் பெஞ்ச் கதவைத் திறக்கிறவர் அடுத்த நாலு பேர் பேரைச் சொல்லிடணும், மீதிப் பேர் காலைத் தரையில வெச்சே உட்காரட்டும்.